ஆத்தாள் கேட்ட பெயர்

அமராவதிக் கரையிலிருந்த அந்த ஊரின் பேருந்து நிலையத்துக்கு, விடியுமுன்னே துடைப்பத்தோடு வந்துவிடுவார் சென்னியம்மாள். பழத்தோலையும் பீடித்துண்டையும் கூட்டும்போதே ஆத்துமேட்டு மாரியம்மனை வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பார். பாட்டெல்லாம் அவரே கட்டியது. துடைப்பத்தின் வீச்சுக்கு ஏற்பச் சொல் வந்து விழும்.

வீட்டுக்கு வீடு டேப் ரிக்கார்டர் வந்திருந்த காலம் அது. பிறந்த ஊர்க் கோயில் நோன்புத் திருவிழாவில் அவர் பாடக் கேட்ட கேசட் கம்பெனிக்காரர் ஒருவர், கோவைக்கு அழைத்துப்போய்ப் பதிவு செய்தார். ஆர்மோனியம் வாசித்தவர் ஆறுச்சாமி, சென்னியம்மாளுக்கு உடன்பிறவாத் தம்பி. உறையில் போடப் பெயர் கேட்டபோது, "என்ற பேரு எதுக்குங்க ஆத்தா பாட்டுக்கு?" என்று சிரித்துவிட்டார் சென்னியம்மாள். கேசட் பெயரில்லாமலே வந்தது.

பிறகு பண்பலை வானொலிகள் வந்தன. டீக்கடை ரேடியோவில் விடியல்தோறும் அந்தப் பாட்டு ஒலிக்கும். டிரைவர்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடுவார்கள். குரலுக்குரியவர் தங்கள் காலடியில் குப்பை கூட்டுவதை ஒருவரும் அறியவில்லை. அந்த மறைவே அவருக்கு இனித்தது. தானும் அம்மனும் மட்டும் பேசிக்கொள்ளும் ஏதோ ஒன்றை ஊர் முழுக்கக் கேட்கிறது, ஆனாலும் ஊருக்குத் தெரியவில்லை என்று உள்ளுக்குள் மகிழ்வார்.

ஒருநாள் பாட்டு வரவில்லை. ஒலிபரப்பும் ஒவ்வொரு தடவைக்கும் பணம் தரவேண்டும் என்று கம்பெனிகளும், முடியாது என்று வானொலிகளும் வழக்காடின. தீரும்வரை பாட்டுகள் நின்றன. "ஆத்தா லீவுல போயிட்டாளாட்ட இருக்குது" என்றார் டீக்கடைக்காரர். சென்னியம்மாள் வாய்க்குள் பாடியபடி கூட்டினார்.

கடைசியில் வானொலிகள் பணம் தர நேர்ந்தது. பாட்டுக் கட்டியவர் உரிமை கோரினால் அவருக்கும் வாசித்தவர்களுக்கும் பங்கு உண்டு. கம்பெனியோ, அது ஆள் தெரியாத நாட்டுப்பாட்டு என்று சொல்லி முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆறுச்சாமியை வாசிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்த கோயில்களெல்லாம் இப்போது கேசட்டையே ஒலிபெருக்கியில் போட்டுவிடுகின்றன. அவருடைய ஆர்மோனியம் அடகுக்குப் போயிருந்தது.

சிறு பாடகர்களின் சங்கத்தார், பதிவில் வாசித்தவர்களை விசாரித்துச் சென்னியம்மாளைத் தேடிவந்து, பாட்டு உங்களுடையதென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். அம்மனுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா என்று மறுத்துவிட்டார். கம்பெனி ஆள் இதைக் கேள்விப்பட்டு, "சீமாறு புடிக்கற கை பாட்டுக் கட்டுச்சா? அப்ப ஆத்தாளையே சாட்சிக்குக் கூட்டியாங்க" என்று சிரித்தாராம். அதுவும் சென்னியம்மாளைத் தைக்கவில்லை.

ஆறுச்சாமி எதுவும் கேட்கவில்லை. கேட்டது அவர் மனைவி பழனாத்தாள்.

"அக்கா, பேரு வேண்டாம்னு நீங்க சொன்னீங்க. எங்களுக்குச் சோறு வேண்டாம்னு யாருங்க சொன்னாங்க?"

சென்னியம்மாள், இத்தனை காலம் தாம் பொத்திவைத்தது பணிவுதானா என்று முதல்முறையாகத் தம்மையே கேட்டுக்கொண்டார். பேர் வேண்டாம் என்பதும் ஒரு பேர்தானோ? மறைந்து நிற்பதன் இனிப்புக்காக, கூட நின்றவர்களையும் சேர்த்தே மறைத்துவிட்டோமோ?

அந்தப் பகுதியில் பூ உத்தரவு கேட்பது வழக்கம். பூசாரி அம்மன் தலையில் பூவை நனைத்து ஒட்டுவார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, "தாயே, நான் பேரில்லாமயே இருந்துக்கட்டுமா?" என்று கேட்டார். பூ அசையவில்லை. தீபம் காட்டியாயிற்று, மணியும் ஓய்ந்தது. எந்தப் பக்கமும் விழவில்லை.

"கேள்வியை மாத்திக் கேளுங்கம்மா" என்றார் பூசாரி.

சென்னியம்மாள் கண்ணை மூடினார். "என்ற பேரை நான் சொல்லிப்போடட்டுமா, தாயே..." என்று முடிக்குமுன்பே வலப்பக்கமாக உதிர்ந்த பூ, பூசாரியின் கையைத் தாண்டிப் படியில் உருண்டு அவர் காலருகே வந்து கிடந்தது. வேண்டாம் என்று தள்ளிய பெயரை அம்மனே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுவாரமே சங்கத்தில் பெயரைக் கொடுத்தார். கேசட்டுக்கு முன்பே நோன்புகளில் அவர் அதைப் பாடக் கேட்ட பிறந்த ஊர் மக்கள் சாட்சிக்கு நின்றார்கள். கம்பெனி இறங்கிவந்து, வாசித்தவர்களுக்கும் சேர்த்துப் பங்கைக் கொடுத்தது.

மீண்டும் ஒரு விடியலில் டீக்கடை ரேடியோ, பாடலை இயற்றிப் பாடியவர் சென்னியம்மாள் என்றது. டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யார் பெயரையோ கேட்பதுபோலக் கூட்டிக்கொண்டே இருந்தார். ஆர்மோனியம் ஆறுச்சாமி என்று அடுத்த பெயர் வந்தபோதுதான் கண் நிறைந்து வழிந்தது.

பிறர் பசிக்காகத் தம் மறைவையும் காணிக்கையாக்கிய அந்தத் தாயின் பாதம் பட்ட தரை நம் தலைக்கு மேலானது.