முதல் கோப்பை யாருக்கு

மலைக் குடிகள் சுல்தானுக்கு எதிராக எழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குச் சமாதானம் பேச மலைத் தலைவர்கள் கோட்டைக்கு வந்திருந்தார்கள். சுல்தானுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். கோட்டையின் துப்பாக்கிகளும் சிப்பாய்களும் அவர் கொடுத்தவை.

கலகக்காரர்களுக்கு ரொட்டி சுமந்து போய்ப் பிடிபட்ட மவ்ஸா என்ற பெண்ணைக் கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். தலைவர்கள் கண்ணெதிரே அவளைப் பணியவைக்க வேண்டும் என்று சுல்தானுக்கு ஆசை.

"இந்த நாட்டை ஆள்வது யாரோ, அவருக்கு முதல் கோப்பை காபியை ஊற்றிக் கொடு. ஆள் மாறினால் உன் தலை இருக்காது."

"கொடுக்கிறேன், சுல்தானே. கை கட்டியிருக்கிறதே, அவிழ்க்கச் சொல்லுங்கள்."

"அவிழ்த்து விடுங்கடா!"

சிப்பாய்கள் அசையாமல் துரையின் முகத்தைப் பார்த்தார்கள். துரை லேசாகத் தலையாட்டினார். உடனே கயிறு அவிழ்ந்தது.

மவ்ஸா காபியை ஊற்றி, நேராகப் போய்த் துரையிடம் நீட்டினாள்.

சுல்தான் துள்ளி எழுந்தார். "திமிர் பிடித்தவளே! வெட்டுங்கடா இவளை!"

சிப்பாய்கள் மறுபடியும் துரையைப் பார்த்தார்கள். தலைவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள். இப்போது தலையாட்டினால் அவள் செய்தது சரியென்று ஆகிவிடும். துரை கூரையில் எதையோ தேடுகிறவர் மாதிரி அண்ணாந்துகொண்டார்.

மூத்த தலைவர் ஹமூத் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். "சமாதானம் பேசத்தான் வந்தோம். யாரிடம் பேசுவது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்து ஆளனுப்புங்கள்."

மவ்ஸாவை முன்னால் நடக்கவிட்டு எல்லோரும் மலையேறிப் போனார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கச் சொல்லி சுல்தான் கத்திக்கொண்டுதான் இருந்தார்.