முப்பத்தொரு கொடிகள்

“என் கொடிகள் ஏன் சாகின்றன?” என்று கேட்டார் சோணாசலம்.

மாசிலா குனிந்திருந்தாள். செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வயது அறுபத்து நான்கு. அவளுக்கு முப்பத்தாறு. கேட்க வந்தவர் அவர்தான்.

அவர்கள் நின்ற இடம் தீமலையின் அடிவாரம். மலை எரிந்து அடங்கி நெடுங்காலம் ஆகிவிட்டது. சரிவு முழுவதும் கறுத்த சாம்பல் பரல். அதில் இடுப்பளவு குழி தோண்டி, குழிக்கு ஒன்றாகத் திராட்சைக் கொடி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குழிக்கும் காற்று வரும் பக்கத்தில் அரைவட்டமாக ஒரு கற்சுவர். சுண்ணாம்பு இல்லை. கல்மேல் கல்.

அடிவாரத்திலிருந்து உச்சியிலுள்ள மது நிலவறை வரை பாதையோரத்தில் மட்டும் நாற்பது குழிகள்.

வருகிறவர்களை அந்தப் பாதையில் அழைத்துப் போவது மாசிலாவின் வேலை. மேலே போனதும் மது தருவாள். யார் எதைக் கேட்டாலும் பதிலும் மேலேதான். அது அந்த மலையின் வழக்கம்.

“கேட்டது காதில் விழுந்ததா, அம்மா?”

“விழுந்தது.”

“அப்படியானால் சொல்லுங்கள்.”

“எத்தனை கொடி?”

“வாங்கும்போது இருநூற்றுப் பன்னிரண்டு. முதல் வருடம் அறுபத்தொன்று போயிற்று. அடுத்த வருடம் எழுபத்து நான்கு. போன வருடம் நாற்பத்தாறு. இப்போது இருப்பது முப்பத்தொன்று.”

“நோயா?”

“இலையில் ஒரு புள்ளி கிடையாது.”

“குழிக்குள் சாம்பல் விழுகிறதா?”

“தினமும். காலையில் அள்ளிக் கொட்டுகிறேன். மறுநாள் அதே அளவு கிடக்கிறது. எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. தளிரெல்லாம் முறிந்து கிடக்கிறது.”

அவர் குரல் சற்று இறங்கியது.

“இந்த முப்பத்தொன்றும் போனால் சரிவை ஆட்டுக்கு விட்டுவிடுவோம் என்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். நான்கு நாளில் வாடைக்காற்று தொடங்கிவிடும். என் ஊருக்கு ஒன்றரை நாள் நடை. மலை ஏற எனக்கு நேரமில்லை. இங்கேயே சொல்லிவிடுங்கள்.”

“சுவர் யார் கட்டியது?”

சோணாசலத்தின் முகம் மலர்ந்தது.

“நானே. நாற்பது வருடம் கொத்தனாராக இருந்தவன். எண்பத்தேழு தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறேன். ஒன்றுகூடக் கசிந்ததில்லை. தோட்டத்தை வாங்கும்போது சுவரெல்லாம் ஓட்டை. பார்க்கவே கூச்சமாக இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டையும் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டேன். இப்போது ஊசி நுழையாது.”

மாசிலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பக்கத்துத் தோட்டக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?”

“சொன்னார். நான்கு முறை சொன்னார். அவர் சுவரைப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள்.”

“அவர் கொடிகள்?”

“நன்றாகத்தான் இருக்கின்றன. அதிர்ஷ்டக்காரர்.”

மாசிலா எழுந்து குடிசைக்குள் போனாள். ஒரு கடப்பாரையோடு வந்தாள். அதை முதல் குழியின் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“நடக்கலாம்.”

“கடப்பாரை?”

“இங்கேயே இருக்கட்டும்.”

“பிறகு எதற்கு எடுத்துவந்தீர்கள்?”

அவள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள்.

சோணாசலம் ஒரு காலைத் தூக்கி, செருப்புக்குள் புகுந்திருந்த கல்லை உதறி எடுத்தார். எறிய மனம் வரவில்லை. கடப்பாரை சாய்ந்திருந்த சுவரில் ஓர் இடுக்கு தெரிந்தது. கல்லை அதில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, திரும்பிப் பார்த்த மாசிலாவின் பின்னால் ஓடினார்.

அவர்களோடு இன்னொருவரும் வந்தார். பெயர் குட்டியப்பன். கயிறு வியாபாரி. அவருக்குக் கேள்வி எதுவும் இல்லை. மது மட்டும் வேண்டும்.

“இன்னும் எவ்வளவு தூரம், தாயி?”

“முப்பத்தொன்பது குழி.”

“முப்பத்தெட்டில் நிறுத்தக்கூடாதா?”

மாசிலா சிரித்தாள். சோணாசலம் சிரிக்கவில்லை.

பாதை வளைந்து வளைந்து போயிற்று.

“நேராக ஏறினால் என்ன?” என்றார் சோணாசலம்.

“சாம்பல் சறுக்கும்.”

“படி கட்டலாமே.”

“கட்டலாம்.”

“ஏன் கட்டவில்லை?”

“மேலே சொல்கிறேன்.”

“படியைப் பற்றிக் கேட்டால்கூட மேலேயா?”

மூன்றாவது குழியில் மாசிலா நின்றாள். சுவருக்குப் பின்னால் குழிக்குள் இறங்கினாள். கொடியின் இலைகள் மெல்ல அசைந்தன. அவர்களும் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

சோணாசலம் சுவரைப் பார்த்தார். கட்டை விரல் போகும் அளவுக்கு ஓர் ஓட்டை. குனிந்து ஒரு கல் எடுத்தார். பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“ஒன்று,” என்றார்.

“ஐயா, அதை ஏன் அடைத்தீர்கள்?”

“சும்மா நிற்கிற நேரம்தானே. கூலி வேண்டாம்.”

மாசிலா மூச்சை இழுத்து மெதுவாக விட்டாள்.

எட்டாவது குழியிலும் நின்றாள். அங்கே அவர் நான்கு கல் வைத்தார்.

“அண்ணே,” என்றார் குட்டியப்பன், “நீங்கள் மலையைப் பார்க்க வந்தீர்களா, சுவரைப் பார்க்க வந்தீர்களா?”

“மலையில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு இடம்கூட நேராக இல்லை.”

“தூக்குக்குண்டு கொண்டுவந்திருந்தால் மலையையே நிமிர்த்தியிருப்பீர்கள்.”

“கொண்டுவந்திருக்கிறேன்,” என்றார் சோணாசலம். மடியைத் தொட்டுக் காட்டினார்.



வெயில் ஏறியது. சாம்பல் சுட்டது. சோணாசலத்துக்கு முழங்கால் வலித்தது. ஆயிரத்து நூற்றுப்பத்து அடி வைத்தாயிற்று. வந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அம்மா, நான் வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை.”

“தெரியும்.”

“முப்பத்தொரு உயிர் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.”

“அதுவும் தெரியும்.”

“தெரிந்தும் இப்படி நின்று நின்று நடந்தால் என்ன அர்த்தம்?”

இருபத்தோராவது குழியில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார்கள். மாசிலா குழிக்குள் இறங்கச் சொன்னாள். சுவரில் கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது.

“இதன் முன்னால் கையை வையுங்கள்.”

குட்டியப்பன் வைத்தார்.

“அடடா, மயில்பீலியால் தடவுகிற மாதிரி இருக்கிறது.”

சோணாசலம் வைத்தார்.

“இதைத்தான் சொல்கிறேன். காற்று உள்ளே வருகிறது!”

அவர் மூன்று கல் தேடி எடுத்தார். ஒன்றைத் திருப்பி வைத்தார், இன்னொன்றைச் செருகினார், மூன்றாவதைத் தட்டி இறக்கினார். காற்று நின்றது.

“எட்டு,” என்றார்.

மாசிலா அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“உடம்புக்கு என்ன, அம்மா?”

“நேற்று இதே வழியில் ஒரு கழுதையைக் கூட்டிவந்தேன்.”

“சரி.”

“நாற்பது குழியிலும் நின்றது. எதையும் அடைக்கவில்லை.”

“கழுதைக்கு என்ன தெரியும்?” என்றார் சோணாசலம்.

குட்டியப்பனுக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது.

அதற்குப் பிறகு மாசிலா எங்கும் நிற்கவில்லை.

உச்சிக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பாறையைக் குடைந்த நிலவறை. அதன் வாசலுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழிகள். முப்பத்தொன்பதும் நாற்பதும்.

“நிலவறைக்குள் போகலாமா?” என்றார் குட்டியப்பன். “உள்ளே குளுமையாக இருக்குமே.”

“இங்கே மதுவைக் கொடியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். குழிக்குள்.”

“இது என்ன வழக்கம்?” என்றார் சோணாசலம்.

“பழைய வழக்கம்.”

அவள் மது எடுக்க உள்ளே போனாள். வர வெகுநேரம் ஆயிற்று.

சோணாசலம் நாற்பதாவது குழியின் சுவரைப் பார்த்தார். மலையிலேயே மோசமான சுவர் அதுதான். எதிர்ப்பக்கத்து வானம் தெரிந்தது. அவர் மேல்துண்டைக் கழற்றி வைத்தார்.

மாசிலா ஒரு சாடியும் இரண்டு மண் கோப்பைகளுமாக வந்தபோது அவர் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“முடித்துவிட்டீர்களா?”

“ஒன்பது கல். முன்பு வைத்தது எட்டு. ஆகப் பதினேழு.” அவர் சுவரைத் தட்டிக் காட்டினார். “இந்த மலையில் இது ஒன்றுதான் சுவர்.”

“நல்லது. நீங்கள் அதன் பின்னால் உட்காருங்கள்.”

குட்டியப்பன் முப்பத்தொன்பதில் இறங்கினார். அவர் சுவரில் பதினோரு ஓட்டைகள் இருந்தன. சோணாசலம் எண்ணியிருந்தார். அவர்மேல் இவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

மாசிலா இருவருக்கும் ஊற்றினாள். மது கருஞ்சிவப்பு.

“முதலில் முகர்ந்து பாருங்கள். பிறகு ஒரு வாய். உடனே விழுங்க வேண்டாம்.”

“முதலில் பதில்,” என்றார் சோணாசலம். “மேலே வந்தாயிற்று.”

“கோப்பை காலியானதும் சொல்கிறேன்.”

அப்போது காற்று எழும்பியது. அந்த மலையில் தினமும் அந்த நேரத்துக்கு எழும்பும் காற்று.

குட்டியப்பனின் சுவர் மெல்ல முனகியது. பதினோரு ஓட்டைகளிலும் காற்று நுழைந்து, தளர்ந்து, இலைகளை அசைத்துவிட்டுப் போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

“பார்த்தீர்களா?” என்றார் சோணாசலம். “என் பக்கம் ஒரு சத்தம் உண்டா?”

அவர் சொல்லி முடிக்கவில்லை. சுவரில் மோதிய காற்று அதன் தலைமேல் ஏறித் தாவி, மொத்தமாகக் குழிக்குள் விழுந்தது. போக வழியில்லாமல் சுழன்றது. சாம்பல் அவர் கண்ணில், காதில், வாயில். கோப்பையில் மதுவே தெரியவில்லை.

“தூ! தூ!”

மாசிலா அந்தக் கோப்பையைக் கவிழ்த்தாள். மறுபடி ஊற்றினாள்.

அவர் வாயருகே கொண்டுபோனார். காற்று மறுபடி விழுந்தது. பல்லில் சாம்பல் நறநறத்தது.

“என்ன இடம் அம்மா இது! மனிதன் நிம்மதியாக ஒரு வாய் குடிக்க முடிகிறதா?”

“எனக்கு ஒன்றும் இல்லையே, அண்ணே,” என்றார் குட்டியப்பன். அவர் கோப்பை காலி.

“பேசாதீர்கள்!”

மாசிலா மூன்றாவது முறை ஊற்றினாள்.

இந்த முறை சோணாசலம் தயாராக இருந்தார். கோப்பையை மடியில் வைத்து, கையால் மூடி, உடம்பை வளைத்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். காற்று அவர் முதுகில் விழுந்தது. அவர் தலை கொடியின் அடியைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

ஒரு தளிர் முறிந்து அவர் கைமேல் விழுந்தது.

அவர் அதைப் பார்த்தார். கொடியின் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் சேர்ந்திருந்தது. அவர் வந்து உட்கார்ந்தபோது அது இல்லை. விரலை நுழைத்து அளந்தார். இரண்டு விரற்கடை.

காலையில் தன் தோட்டத்தில் அள்ளும் அளவு அவருக்குத் தெரியும்.

காற்று மறுபடி வந்தது. அவர் முகத்தைத் துடைக்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்துக் குழியைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். அடுத்துச் சுவரை. அதன் பதினோரு ஓட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.



“நூற்றெண்பத்தொரு கொடி,” என்றார் கடைசியில்.

மாசிலா சாடியைக் கீழே வைத்தாள். இப்போது அவள் முகத்தில் சலிப்பு இல்லை.

“முப்பத்தொன்று,” என்றாள்.

அவர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்கினார். பிறகு ஒன்று. ஒன்பதும் வந்தன. குழிக்குள் சுழன்ற காற்று தளர்ந்தது.

மூன்றாவதாக ஊற்றிய கோப்பை அப்படியே இருந்தது. அதை எடுத்துக் குட்டியப்பனிடம் நீட்டினார்.

“உங்களுக்கு வேண்டாமா, அண்ணே? இதற்காகத்தானே இவ்வளவு தூரம் ஏறினோம்!”

“எனக்கு ஒன்றரை நாள் நடை இருக்கிறது.”

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாசிலாவின் பக்கம் திரும்பினார். அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

“என்னிடம் பூசுகிற கரணைதான் இருக்கிறது, அம்மா. சுண்ணாம்பு வைத்துக் கட்டியது. கரணைக்கு அசையாது.”

“தெரியும். கீழே சாய்த்து வைத்திருக்கிறேன்.”

அவர் தலையசைத்தார். நான்கு அடி இறங்கியவர் நின்றார்.

“போகிற வழியில் மீதி எட்டுக் கல்லையும் எடுத்துவிடுகிறேன். பதினேழும் சரியாகிவிடும்.”

“பதினெட்டு.”

“பதினேழு. நான் எண்ணினேன்.”

“கடப்பாரைக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது.”