செப்புப் பெட்டியின் வாசல்

முழுக் குளிரில் எல்லாம் அசைவற்று நின்றுவிடும் என்று பொதுமக்கள் நம்புகிறார்கள். இதை வன்மையாக மறுப்பது என் கடமை. எவ்வளவு குளிர்வித்தாலும் ஒரு நடுக்கம் மிஞ்சும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும்.

அப்படி அமுக்கிய நிலையில் ஒரு மேளத்தை நிறுத்திவைப்பதுதான் ஆரோக்கியசாமியின் ஆராய்ச்சி. மேளம் தூசியளவு. அது ஒரு செப்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குள் நுண்ணலை பாயும். அலையும் மேளமும் ஒன்றையொன்று அசைக்கும்.

அவர் ஐம்பத்திரண்டு வயது விரிவுரையாளர், கல்லூரியில் விடுப்பு எடுத்து வந்தவர். வழிகாட்டி செண்பகவல்லிக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை மேடம் என்பார். இவர் அவரை சார் என்பார்.

“நிக்க மாட்டேங்குது, மேடம். கண் இமைக்கிறதுக்குள்ள போயிடுது. மாசக் கடைசியோட விடுப்பும் முடியுது.”

என்னவெல்லாம் செய்தீர்கள் என்று கேட்டார் செண்பகவல்லி.

பெட்டியின் மூடியை இரண்டு முறை அடைத்ததாகச் சொன்னார். ஒரு துளையில் உள்ள ஊசி வழியாகத்தான் அலை வெளியேறும்; அந்த ஊசியையும் கடைசி வரை பின்னுக்கு இழுத்துவிட்டார். இனி ஒரு துளிகூடக் கசியாது. இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அப்போது ஆரோக்கியசாமியின் மகள் போனில் அழைத்தாள். அம்மாவின் புடவை ஒன்று வேண்டும் என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். அம்மா இறந்து ஏழு மாதம்.

“பீரோவைத் திறந்தா வாசம் போயிடும்மா,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

செண்பகவல்லி எழுந்தார். மேசைமேல் இருந்த பெட்டியை இழுத்து, ஸ்பேனரை எடுத்து, ஊசியை உள்ளே தள்ளினார். நிறையவே தள்ளினார்.

“மேடம், மூணு வருஷமா அடைச்சது.”

“மேளம் நடுக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும், சார்? இருந்தது இந்த ஒரு வாசல்தான்.”

“எல்லாமே போயிடுமே.”

“எது போகணும்னு உள்ளே விடுற ரெண்டு அலையை வெச்சு நாம தீர்மானிக்கலாம். போக வேண்டியது போகட்டும். மிஞ்சுறதுதான் நீங்க கேட்ட நிலை.”

“அதுவும் கசிஞ்சுட்டா?”

“கசிய அதுல ஒண்ணும் இருக்காது.”

ஆரோக்கியசாமி நம்பவில்லை. ஆனாலும் இரண்டு அலைகளையும் மேடம் சொன்ன அளவில் வைத்தார். குளிர்கலத்துக்குள் திரும்பப் போன பெட்டி குளிர மூன்று நாள் ஆயிற்று.

நான்காம் நாள் காலை, திரையில் ஒரு பக்கம் நடுக்கம் குறைந்தது. மறுபக்கம் கூடியது. அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

குறைந்தது குறைந்தபடியே நின்றது. தேநீர் வந்தது, ஆறியது. அப்போதும் நின்றது.

“எவ்வளவு நேரம் இருக்கும், மேடம்?”

“திறந்திருக்கிற வரைக்கும், சார்.”

ஆரோக்கியசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகள் வந்துபோனாள். பீரோவில் ஊதாப் புடவை ஒன்று குறைந்தது.