ஜெரேனியத்துக்குப் புண்ணாக்குத் தண்ணீர்

மடத்துக்கு வந்து சேர்ந்ததும் சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வி, போனுக்கு சிக்னல் எங்கே கிடைக்கும் என்பது.

"தண்ணித் தொட்டிகிட்ட நின்னா கிடைக்கும் சார்" என்றார் சமையல்காரர் பெள்ளி. "அதுவும் காத்துக்கு மனசு இருந்தா."

சென்னியப்பன் பையை இறக்காமலேயே தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டு வந்தார்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்த சிறிய மடம் அது. அதை நடத்தியவர் தவமணி அம்மா. வயதில் சென்னியப்பனைவிடப் பல ஆண்டுகள் இளையவர். உடுமலைப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சென்னியப்பன், அவரைத்தான் குருவாகக் கொண்டிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை வந்து எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இந்த முறை உட்காரவில்லை.

"எம் மக வசுமதி பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாளுங்கம்மா. குழந்தை வயித்துலயே இறந்து போச்சு. அன்னையிலிருந்து பேசறதில்ல. ஒழுங்காச் சாப்பிடறதில்ல. ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கறா. ஏதாவது பண்ணிக்குவாளோன்னு பயந்து, உள்தாழ்ப்பாளைக் கழட்டி எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"இரும்புப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு அண்டக் குடுத்துட்டா. நான் வெளியே போனாத்தான் நகர்த்தறா. எம் வீட்டுக்காரி, 'ஏனுங்க, நீங்க கொஞ்ச நாளைக்கு எங்காவது போயிருங்க'ன்னு சொல்லிட்டா."

"மககூட யார் இருக்கா?"

"அவங்கம்மா இருக்கறா. எந் தங்கச்சியும் வந்து கூடவே படுத்துக்கறா. ஆனாலும் பயமா இருக்குதுங்க. கண்ணை மூடினாலே பயமா இருக்குது." அவர் குரல் இறங்கியது. "எனக்கு ஒரு வார்த்தை குடுங்கம்மா. அவகிட்டச் சொல்ற மாதிரி. கேட்டதும் எந்திரிச்சு நடக்கற மாதிரி."

தவமணி அம்மா ஜன்னலுக்கு வெளியே வரிசையாக இருந்த மண் தொட்டிகளைப் பார்த்தார்.

"கோடை வருது. அந்த ஜெரேனியப் பூச்செடிங்களுக்கு உரம் வைக்க ஆளில்ல. நீங்க பாத்துக்கோங்க."

"அம்மா, நான் கேட்டது..."

"காதுல விழுந்துச்சு, ஹெட்மாஸ்டர் சார்."

சித்ரா பௌர்ணமிக்கு அந்த மடத்துக்கு வருகிறவர்கள், ஆளுக்கொரு பூத்த தொட்டியோடு மலை இறங்குவது வழக்கம். அதற்குள் செடிகள் பூக்க வேண்டும். பெள்ளிதான் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பானையில் கடலைப் புண்ணாக்கு ஊறிப் புளித்துக் கிடந்தது. மூடியைத் திறந்ததும் சென்னியப்பன் மூக்கைப் பொத்தினார்.

"இந்த வாடைக்கே மூக்கைப் பிடிச்சா எப்படி? பூத்தா அதுவும் ஒரு வாடைதான். சாமிக்கும் வைக்க முடியாது, தலைக்கும் வைக்க முடியாது. உபசாரம் மட்டும் மாப்பிள்ளைக்குச் செய்யற மாதிரி." பெள்ளி ஒரு கரண்டி கரைசலை மொண்டு வாளித் தண்ணீரில் விட்டுக் கலக்கினார். "வெளுத்த டீ நிறம். அதுக்கு மேல போகக் கூடாது. அப்புறம், ஊத்தறதுக்கு முன்னாடி..."

சென்னியப்பனின் சட்டைப் பையில் போன் அடித்து, உடனே அறுந்தது. அவர் செருப்பைக்கூடப் போடாமல் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். அங்கே மறுபடியும் அடித்தது. அழைத்தது யாரோ கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண். அந்தக் குரல் மகளுடையது அல்ல என்று உறுதியான பிறகும் அவர் வெகுநேரம் தொட்டியை விட்டு நகரவில்லை. திரும்பி வந்தபோது பெள்ளி அடுப்படிக்குப் போய்விட்டிருந்தார். ஊற்றுவதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று சென்னியப்பன் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை.

காலையும் மாலையும் அவர் தண்ணீர்த் தொட்டியருகே நின்று வீட்டுக்குப் பேசினார். மனைவி ருக்மணி போனை மகள் அறையின் கதவிடுக்கில் பிடித்துக்கொள்வாள். அவர் பேசுவார். மறுபக்கம் எதுவும் கேட்காது. சில சமயம் பெட்டி தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். கதவை நோக்கியா, கதவை விட்டா என்று தெரியாது. அந்தச் சத்தம் நாளெல்லாம் அவர் காதிலேயே இருக்கும்.

பூந்தொட்டிகளில் மொட்டு வரவில்லை. வெயில் ஏறிய ஒரு மதியம், எல்லாச் செடிகளும் தலை தொங்கி நின்றன. அவற்றில் ஓரத்துத் தொட்டியைத் தன் மகளுக்கென்று அவர் மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்தார். எப்போது அப்படி நினைத்தார், ஏன் நினைத்தார், அவருக்கே தெரியாது. அது பூத்தால் அவள் எழுந்துவிடுவாள். அதற்கு மேல் நினைக்க அவருக்குத் துணிவில்லை.

அந்தச் செடியும் தொங்கி நின்றது.

அவர் பின்கட்டுக்கு ஓடிப்போய்க் கரைசலைக் கலக்கினார். வெளுத்த டீ நிறம் போதாது என்று பட்டது. கெட்டியாக, காப்பி நிறத்தில் கலக்கி, எல்லாத் தொட்டிகளிலும் ஊற்றினார். ஓரத்துத் தொட்டிக்கு ஒரு குவளை கூடுதலாக ஊற்றினார்.

மறுநாள் செடிகள் இன்னும் வாடியிருந்தன. மறுபடியும் ஊற்றினார்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தபோது, இலைகளின் விளிம்பெல்லாம் தீயில் காட்டிய காகிதம் போலக் கருகியிருந்தது. ஓரத்துச் செடியின் தண்டைத் தொட்டார். அடித்தண்டு விரலுக்கு மெத்தென்று அமுங்கியது. அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அப்படியே படியில் உட்கார்ந்தவர், வெயில் முதுகில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

தவமணி அம்மாவே தேடிக்கொண்டு வந்தார். செடிகளைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார். ஒரு தொட்டியைத் தூக்கிக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். தொட்டியின் அடித்துளை வழியே பழுப்பு நிறத்தில் வழிந்தது. அது தெளியும்வரை காத்திருந்து, அடுத்த தொட்டியை வைத்தார். சென்னியப்பனும் எழுந்து வந்து தொட்டிகளை எடுத்துக் கொடுத்தார். ஓரத்துத் தொட்டியைக் கொடுக்கும்போது அவர் கை அதை விடவில்லை.

"இது பொழைக்குமுங்களா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா எப்படிங்கம்மா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். குடுங்க."

கொடுத்தார். தண்ணீர் ஓடியது.

"உரம் நல்லதுதானுங்களே?"

"நல்லதுதான்."

"பசியிலதான வாடுச்சு?"

"நீங்க ஊத்தும்போது மண்ணு ஈரமா இருந்துச்சா?"

"காஞ்சு வெடிச்சுக் கிடந்துதுங்க. அதனாலதான் அவசரமா ஊத்தினேன்."

"வெறும் தண்ணி விட்டு நனைக்காம, காஞ்ச வேர் மேலயா?"

பெள்ளி பாதியில் விட்ட 'ஊத்தறதுக்கு முன்னாடி' என்ற பேச்சு சென்னியப்பனுக்கு அப்போது உறைத்தது.

"சரி. வாடினதைப் பார்த்ததும் என்ன பண்ணினீங்க?"

"பயமாயிருச்சு. இன்னுங் கொஞ்சம் ஊத்தினேன்."

தவமணி அம்மா குழாயை மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து மககிட்ட என்ன பேசினீங்க?"

சென்னியப்பன் நிமிர்ந்து நின்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் பேசிய காலத்துத் தோரணை அது.

"தைரியமா இருக்கணும்னு சொன்னேங்க. எத்தனையோ பேருக்கு இந்த மாதிரி ஆகுது, அவங்கெல்லாம் எந்திரிச்சு நடக்கலையான்னு கேட்டேன். அழுதா போனது திரும்பாது, அழாதேன்னு சொன்னேன். வயசு இருக்குது, இன்னொன்னு பொறக்கும்னு சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒன்னுமே சொல்லலீங்க."

"அதுக்கப்புறம்?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். குழாயடியில் தேங்கிய பழுப்புத் தண்ணீரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. குழாயடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி நாலு எட்டுத் தூரம்தான். அவர் அங்கே போகாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் வீட்டிலிருந்து யாரும் கூப்பிட்டதில்லை. எப்போதும் அவர்தான் கூப்பிடுவார். இன்று காலையில் கூப்பிட மறந்துபோனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சார், எடுங்க சார்! கட்டாயிரும்!" அடுப்படி வாசலிலிருந்து பெள்ளி கத்தினார்.

எடுத்தார். ருக்மணி மூச்சு வாங்கப் பேசினாள்.

"ஏனுங்க, ஏன் இன்னைக்குக் கூப்பிடல? அவளே பெட்டியை நகர்த்திட்டு வெளியே வந்து, 'அப்பா ஏன் பேசல, அப்பாவுக்கு என்னாச்சு'ன்னு கேக்கறா. அடுப்படியில உக்காந்திருக்கா. இருங்க, இருங்க, போனைப் புடுங்கறா..."

போன் கை மாறுகிற சத்தம். அதன் பிறகு ஒரு மூச்சு.

"அப்பா."

"கண்ணு" என்றார் சென்னியப்பன். அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

மறுபக்கத்திலிருந்து ஒரு ஒலி எழுந்தது. அது தன் மகளுடைய குரல் என்று அவருக்கு முதலில் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏறி, உடைந்து, மறுபடியும் ஏறியது. நிற்கவே நிற்காதோ என்று அவர் பயந்தார். இப்படியே ஏதாவது ஆகிவிட்டால்? அவர் உதடுகள் தாமாகவே அசைந்தன. சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியங்கள் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றன.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தவமணி அம்மாவைப் பார்த்தார். சென்னியப்பனின் கண்களில் நீர் கொட்டியது.

"அழறாளுங்கம்மா. இப்பவாவது ஒரு வார்த்தை குடுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

தவமணி அம்மா அவர் கையைப் போனிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார்.

"அவ இன்னும் அழுது முடிக்கலையே."