ஆணையர் வீட்டு மாடி வானிலை

மேலக்கோட்டூர் நகராட்சி ஆணையர் ஞானசிகாமணி, ஊர் வானிலையை இணையத்தில் காட்டும் திட்டம் ஒன்றைப் போட்டார். அதற்கான ஒரே கேமராவைத் தம் வீட்டு மொட்டைமாடியிலேயே மாட்டிக்கொண்டார். தம் வீட்டுக்கு மேலே இருப்பதுதான் ஊர் வானம் என்பது அவர் நினைப்பு.

சித்திரை மாதம், திறந்தவெளியில் தொடக்க விழா. கலெக்டர் அம்மா தலைமை. மத்தியானமே மேற்கே கறுத்துவிட்டது. ஆணையர் கணினி அறைக்குள் பாய்ந்தார்.

"செண்பகவல்லி! இன்னைக்கு மழை வராதுன்னு கலெக்டர்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன். மேடைத் திரையில மழைன்னு ஒரு எழுத்து வந்துச்சு, உன் வேலை போச்சு!"

அந்தக் கேமராவையும் திரையையும் இயக்கும் செண்பகவல்லியுடையது நிரந்தர வேலை அல்ல. அவர் நினைத்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"எழுத்தே வேண்டாம் சார். வானத்தையும் காட்டலை. உங்க வீட்டு மாடியை மட்டும் காட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"காட்டு, காட்டு! புது வீடு, ஊரே பாக்கட்டும்!"

மாலையில், "ஒரு துளியும் விழாது!" என்று ஆணையர் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் அவருடைய மனைவி மாடிக்கு ஓடி வந்து, காயப்போட்டிருந்த வடகத்தை அவருடைய பழைய வேட்டியோடு வாரிச் சுருட்டினார்.

"ஏடி, ஆணையர் வீட்டம்மாவே வடகத்தை எடுக்குறாங்க!" என்று ஒரு குரல் எழுந்தது.

சித்திரையில் யார் வீட்டு மாடியில்தான் வடகம் இல்லை? கூட்டம் மொத்தமும் எழுந்து வீட்டைப் பார்த்து ஓடியது. மழை கொட்டத் தொடங்கியது. கலெக்டரும் சிரித்துக்கொண்டே கணினி அறை வராந்தாவுக்குள் ஒதுங்கி, அங்கே நின்ற செண்பகவல்லியைப் பார்த்தார். "இந்தப் பெண் இந்த வேலையிலேயே இருக்கட்டும். இன்னைக்கு வானிலையைச் சரியாக் காட்டினது இவங்கதான்" என்றார்.

மேடையில் தனியாக நனைந்துகொண்டிருந்த ஆணையரிடம் செண்பகவல்லி ஒரு குடையை நீட்டினாள்.

"பிடிங்க சார், வெயில் கடுமையா அடிக்குது."