நாற்பத்தொரு பேர் எந்தப் பக்கம்

சபாநடேசன் மடத்துக்கு வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனுஷன் எதையும் எண்ணாமல் விடமாட்டார் என்று. நான் இங்கே சமையல்காரன், பெயர் சடையன். நான் உலையில் அரிசி போடும்போது பின்னால் வந்து நின்றுகொள்வார்.

"இன்னிக்கு இருபத்திரண்டு ஆழாக்கு போட்டீங்க. நேத்து இருபதுதான்."

"நேத்து உங்களுக்குப் பசி கம்மி," என்பேன். அதற்குச் சிரிக்கவும் மாட்டார். உலை கொதிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பார்.

படைத் தலைமையகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். துப்பாக்கி பிடித்தவர் இல்லை. சண்டை முடிந்த பிறகு ட்ரோன் எடுத்த படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் எத்தனை பேர் செத்தார்கள் என்று சொல்கிற வேலை. ஒரு தடவைகூடத் தப்பினதில்லை என்று பெயர். அறுபது வயதில் ஓய்வு பெற்று, தலையை மழித்துக்கொண்டு எங்கள் அம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. மடத்தின் முந்தைய தலைவர் கண்ணை மூடும்போது அவரைத்தான் கைகாட்டிவிட்டுப் போனார். அம்மை அதிகம் பேசமாட்டார். பேசினால் நமக்கு ரெண்டு நாள் தூக்கம் போய்விடும்.

மடம் இருப்பது ஊசிமேட்டின் அடிவாரத்தில். மேட்டு உச்சியில் பக்கத்து நாட்டுப் படை. கீழே ஆற்றங்கரையில் எங்கள் நாட்டுப் படை. நடுவில் ரெண்டு பேருக்கும் வேண்டாதவர்களாக நாங்கள் ஒரு எட்டுப் பேர்.

போன மாதம் எங்கள் படை அந்த மேட்டைப் பிடிக்க ஏறியது. மூன்று நாள் நடந்தது. பிடிக்க முடியவில்லை. பிறகு ரெண்டு பக்கமும் வெள்ளைக்கொடி காட்டி அவரவர் பிணங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். நடு மேட்டில் ஒரு பள்ளம் உண்டு. அதில் மட்டும் நாற்பத்தொரு பேர் கிடந்தார்கள். தீப்பிடித்ததில் உடுப்பு இல்லை, அடையாளப் பட்டை இல்லை, முகம் இல்லை. இவர்கள் எங்கள் ஆள் இல்லை என்று ரெண்டு படையும் கைகழுவிவிட்டது.

அம்மை எங்களைக் கூட்டிக்கொண்டு போய், சுமந்துவந்து, மடத்துப் பின்புறம் அடக்கம் செய்யச் சொன்னார். பாதிப் பேரைச் சுமந்தவன் நான். ஒருத்தர்கூடக் கனமாக இல்லை. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காலையில் ஒரு ஜீப் வந்தது. தேவசகாயம் என்று ஒரு சிப்பாய், சபாநடேசனிடம் ஒரு கடிதத்தையும் ட்ரோன் படங்களையும் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். பதில் வாங்காமல் வரக்கூடாதாம்.

சபாநடேசன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்மையிடம் போனார். நான் மோர் கொண்டுபோன சாக்கில் அங்கேயே நின்றேன்.

"கணக்கு கேக்கறாங்கம்மா. தாக்கினவங்கள்ல ஐநூற்று எண்பது பேர். தடுத்தவங்கள்ல இருநூறு பேர். அது வரைக்கும் உறுதி. இந்த நாற்பத்தொரு பேரை எந்தப் பக்கம் சேர்க்கறதுன்னுதான் தெரியல."

"எந்தப் பக்கம் சேர்த்தா என்ன?"

"தாக்கினவங்கள்ல சேர்த்தா, அங்க ஒருத்தர் சாக நம்ம பக்கம் மூணு பேருக்கு மேல செத்திருக்காங்கன்னு ஆகும். மூணைத் தாண்டினா கட்டுப்படியாகாதுன்னு விட்டுடுவாங்க. தடுத்தவங்கள்ல சேர்த்தா ரெண்டரைகூட வராது. திரும்ப ஏறச் சொல்லிடுவாங்க. ஓய்வுக்கப்புறமும் என் கையெழுத்தோட எண் போகாம அங்க ஒண்ணும் நகராது."

"திரும்ப ஏறப்போறது யாரு?"

"ஏழாவது பிரிவு." அவர் மோரைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தார். "முகுந்தன் அதுலதான் இருக்கான்."

முகுந்தன் அவர் மகன், ஒரே பையன். ஒரு தடவை அப்பாவைப் பார்க்க வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து எட்டு இட்லி சாப்பிட்டு, ஒன்பதாவதுக்குச் சட்னி கேட்டவன். அவனை எனக்குப் பிடிக்கும்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படின்னா தாக்கினவங்கன்னே எழுதிக் கொடுத்துடுங்களேன். யார் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப்போறா?"

சபாநடேசன் என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னாபின்னமாகியிருக்க வேண்டும். "முப்பத்தொரு வருஷத்துல ஒரு பொணத்தைக்கூட நான் பக்கம் மாத்தி எழுதினதில்ல, சடையன்." பிறகு அம்மையிடம் திரும்பினார். "எனக்கு உண்மை தெரியணும்மா. இவங்க தாக்கினவங்களா, தடுத்தவங்களா?"

"என்னை ஏன் கேக்கறீங்க? அவங்களையே கேளுங்க."

அவர் கையிலிருந்த மோரைக் கீழே வைத்தார்.

"இன்னிக்குப் பதினாறாம் நாள்," என்றார் அம்மை. "அவங்களுக்குச் சோறு போடணும். மண்டபத்துல ரெண்டு வரிசை இலை போடச் சொல்லுங்க. கிழக்குச் சுவரோரம் நாற்பத்தொண்ணு, மேற்குச் சுவரோரம் நாற்பத்தொண்ணு. கிழக்கு தாக்கினவங்களுக்கு, மேற்கு தடுத்தவங்களுக்கு. நீங்களே கூப்பிடுங்க."

எங்கள் மடத்தில் ஆளில்லாமல் செத்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு ஒரு நாழிகை வெளியே நிற்பது வழக்கம். திறந்தால் போட்டது போட்டபடி இருக்கும். காக்காய்க்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை நாங்கள் சாப்பிடுவோம். இருபது வருஷமாக அப்படித்தான். அதனால் எனக்கு அப்போது பயமெல்லாம் இல்லை. எண்பத்திரண்டு இலைக்குச் சமைக்கச் சொல்கிறாரே என்ற எரிச்சல்தான்.

பருப்பு, பூசணிக் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், ரசம், வடை, பாயசம். பரிமாறி முடிக்கும்போது உச்சிவேளை. வெயில் அடிக்க வேண்டிய நேரத்தில் மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. காக்காய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வழக்கமாக வடை வாசனைக்கு வந்து நிற்கும் நாயைக் காணோம்.

சபாநடேசன் பின்கதவைத் திறந்து புதைமேட்டைப் பார்த்து நின்றார். படையில் பெயர் கூப்பிடுகிற குரல் வந்தது அவருக்கு.

"கிழக்கு வரிசை தாக்கினவங்களுக்கு. மேற்கு வரிசை தடுத்தவங்களுக்கு. அவங்கவங்க இடத்துல உட்காருங்க."

கதவுகளைச் சாத்திவிட்டு முன்வாசலில் வந்து நின்றோம். அம்மை, அவர், நான். வாசலுக்கு அந்தப் பக்கம் தேவசகாயம் பீடியைப் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே தரை தேய்கிற சத்தம் கேட்டது. பந்தியில் இடம் போதாமல் ஆட்கள் நெருங்கி உட்காரும்போது வருமே, அந்தச் சத்தம். ஒருத்தர் பேச்சும் இல்லை. ஒரு டம்ளர் தரையில் வைக்கப்பட்டது. இன்னொன்று. அப்புறம் பல டம்ளர்கள்.

சபாநடேசனைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. டம்ளர் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

தேவசகாயம் பீடியைக் கீழே போட்டுவிட்டான். "உள்ள யாரு சார்?" என்றான்.

நாழிகை முடிந்ததும் அம்மை கதவைத் திறந்தார்.

கிழக்கு வரிசையில் நான் பரிமாறினது பரிமாறினபடி இருந்தது. பாயசத்தில் ஆடை படிந்திருந்தது. மேற்கு வரிசையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அத்தனை இலையும் மடித்திருந்தது. சாவு வீட்டில் வெளிப்பக்கமாகத்தானே மடிப்போம். இவர்கள் கல்யாண வீட்டில் மடிக்கிற மாதிரி தங்கள் பக்கமாக மடித்திருந்தார்கள். இது என்ன சாப்பாடு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சபாநடேசன் வரிசை நெடுக நடந்து எண்ணினார். திரும்பி வந்து மறுபடி எண்ணினார்.

"நாற்பத்தொண்ணு," என்றார்.

பிறகு கிழக்கு வரிசையின் முதல் இலைக்குப் போய்க் குனிந்தார். அந்த ஒரு இலையில் மட்டும், ஓரத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்த தடம் இருந்தது. யாரோ அங்கே உட்கார்ந்து, சோற்றைத் தொடாமலே எழுந்திருக்கிறார்கள். அங்கிருந்து ஈரக் கால்தடம் மண்டபத்தின் குறுக்கே போய், மேற்கு வரிசையின் கடைசி இலையில் நின்றது. சின்னக் கால். இருபது வயசுக்குள்தான் இருக்கும்.

"இது எப்படிம்மா?" சபாநடேசன் நிமிர்ந்தார். "அந்தப் பள்ளத்து வழியா எங்க ஆளுங்க ஏறினதை நானே படத்துல பார்த்தேன். நாற்பத்தொரு பேர்ல ஒருத்தனாவது தாக்கினவனா இருக்கணுமே."

"நீங்க எண்ணினது சரிதானே?"

"சரிதான்."

"சாப்பாட்டுக்காகப் பொய் சொல்ல அவங்களுக்கு என்ன வந்தது?"

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

நான் பதறிவிட்டேன். "ஐயா, என்ன எழுதறீங்க?"

"அவங்க வாயால சொன்ன மாதிரிதான். நான் மாத்த முடியாது." தாக்கியவர் ஐநூற்று எண்பது, தடுத்தவர் இருநூற்று நாற்பத்தொன்று என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டார். இந்த மனுஷனுக்காக நான் இரக்கப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

அம்மை அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டா முகுந்தன் ஏறுவானா?"

"ஏறுவான். மொத ஆளா ஏறுவான். அவன் அப்படித்தான்."

"எதுக்கு ஏறுறான்?"

"அது நம்ம மேடும்மா. போன வருஷம் வரைக்கும் நம்மகிட்டதான் இருந்துச்சு. அங்கேர்ந்து குண்டு போட்டா நேரா எங்க ஊர் மேல விழும். முகுந்தனோட அம்மா அங்கதான் இருக்கா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "என் பையன் யாரையும் அடிக்கப் போகலம்மா. காப்பாத்தத்தான் போறான்."

அம்மை என் பக்கம் திரும்பினார்.

"சடையண்ணே, மேற்கு வரிசையில இன்னொரு இலை போடுங்க."

நான் சபாநடேசனைப் பார்த்தேன். அம்மை மறுபடி சொல்லவும் இல்லை, பார்வையை எடுக்கவும் இல்லை. அடுப்படிக்குப் போய் ஓர் இலையை எடுத்துக் கழுவினேன். மேற்கு வரிசையின் கடைசிக்குப் போய்க் குனிந்தேன். அங்கே சுவருக்கும் அந்தச் சின்னக் கால்காரனின் இலைக்கும் நடுவில் இடம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். காலையில் இலை போட்டவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் ஓர் ஆள் உட்கார்கிற அளவுக்கு இடம் இருந்தது. அவன் தன் இலையையும் டம்ளரையும் நகர்த்தி வைத்திருந்தான்.

இலையைப் போட்டேன்.

சபாநடேசன் அந்த இலையையே பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து வந்து, நான் போட்ட இலையைத் தரையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். ஈரம் அவர் சட்டையெல்லாம் பட்டது. எழுதின தாளை என்னிடம் நீட்டினார்.

"அடுப்புல போட்டுடுங்க, சடையன்."

தாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். வாசலில் தேவசகாயம் தொண்டையைச் செருமினான். உள்ளே எட்டிப் பார்த்தவன் வாசற்படியைத் தாண்டவில்லை.

"சார், எண் என்னன்னு சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்."

"எண்ணி முடியலன்னு சொல்லு."

"எப்ப முடியும்னு கேப்பாரே சார் தளபதி. நான் என்ன சொல்றது?"

சபாநடேசன் இலையைப் பிடித்தபடி அம்மையைப் பார்த்தார்.

அம்மை தேவசகாயத்திடம் சொன்னார்.

"கிழக்கு வரிசையில சோறு தொடாம இருக்குப்பா. உங்க தளபதியை ஒரு நாள் சாப்பிட வரச் சொல்லு. அவர் உட்கார்ந்ததும் எண்ணி முடிச்சிடலாம்."