கூரை இறங்கிய நாள்

அம்பலவாணரிடம் வெறுமனே ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லிவிட முடியாது. "எந்த ஆஸ்பெஸ்டாஸ்? வெள்ளையா, பழுப்பா, நீலமா? உதிரும் வகையா, உதிராத வகையா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார். கட்டட வேலைக்கான பாதுகாப்பு விதிகளை எழுதியே ஓய்வு பெற்றவர். பிறகு ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். குரு அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அது வேறு ஒரு சங்கடம்.

மடத்துப் பிள்ளைகள் சாப்பிடும் கூடத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான் கூரை. தென்னை மட்டை விழுந்து விரிசல் விட்டது.

"அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, சாமி. வியாதி பல வருஷம் கழித்துத்தான் தெரியும்" என்றார் அம்பலவாணர்.

"அப்படியானால் நீங்களே இறக்கிவிடுங்கள்" என்றார் குரு.

இறக்கியாயிற்று. மேலே பந்தல் துணியும் கட்டியாயிற்று. பிள்ளைகள் தட்டோடு வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். குரு மட்டும் கூடத்து வாசலில் நின்றுகொண்டு யாரையும் உள்ளே விடவில்லை.

"தூசி எங்கே?" என்றார்.

"முதலில் ஷீட்டை நனைத்தோம், சாமி. பிறகு உடைக்காமல், அறுக்காமல், திருகாணிகளைக் கழற்றி முழுசாக இறக்கினோம். விதி அப்படி."

"தூசி எங்கே?"

"கனத்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்று சுற்றி, எச்சரிக்கை எழுதி ஒட்டியாயிற்று. தரையைப் பெருக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்தோம். அந்தத் துணியும் பைக்குள் போய்விட்டது."

"தூசி எங்கே?"

ஒரு கேள்வியை ஒருமுறை கேட்டால் ஞானம், அதையே திரும்பத் திரும்பக் கேட்டால் காது மந்தம் என்று அம்பலவாணருக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வேலைக்குப் போட்ட மேலங்கி, முகமூடி, கையுறை எல்லாம் பைக்குள். தலைக்குக் குளித்துவிட்டு வேட்டி சட்டை மாற்றியிருக்கிறேன். உடை என்று விதி சொல்வதில் ஒன்றும் பாக்கியில்லை."

அடுப்படியிலிருந்து இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள். "சாமி, சாம்பார் ஆறிப்போச்சு. இனிமே சூடு பண்ணுனா காய் கரைஞ்சிரும். பிள்ளைக மொகத்தப் பாருங்க."

"கேட்டீர்களா?" அம்பலவாணரின் குரல் உயர்ந்தது. "எந்த விதியில் குறை? அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்."

"விடுகிறேன். முதலில் நீங்கள் போய் உட்காருங்கள்."

வாசலில் கை கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு குரு பின்னாலேயே வந்தார். அம்பலவாணர் அதைக் கவனிக்கவில்லை. விறுவிறுவென்று நடந்து பந்திப் பாயருகே நின்றார். கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டால் இரண்டு தட்டுத் தட்டாமல் அவர் எங்கும் உட்கார்ந்ததில்லை. துண்டு அவருக்கு உடையே அல்ல, தோளின் ஒரு பகுதி. காலையில் கூரையடியில் கழுத்தில் கிடந்து வியர்வை துடைத்ததும், குளித்த பிறகு மறுபடி தோளில் ஏறியதும் அதே துண்டுதான்.

துண்டை எடுத்தார். உதறுவதற்குக் கையை ஓங்கினார்.

குடத்துத் தண்ணீர் முழுவதும் அவர் தலையில் இறங்கியது.

வாசலில் ஒரு பிள்ளை சிரித்தது. மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது. "அட ஆத்தே!" என்றாள் இசக்கியம்மாள்.

மூக்கு நுனியில் நீர் சொட்ட, சொட்டும் துண்டைப் பிடித்தபடி நின்றார் அம்பலவாணர். குரு அவர் விரல்களிலிருந்து அதை மெதுவாக விடுவித்து, மடித்து, ஒரு பைக்குள் வைத்தார்.

"சாமி!" அம்பலவாணருக்கு மூச்சு வாங்கியது. "அந்த விதிகளை எழுதியவனே நான்தான்!"

"தெரியும்" என்றார் குரு. "அதனால்தான் முதலில் நனைத்தேன். உடைக்கவில்லை."